கேட்காத தட்டின் இரண்டாம் பக்கம்

1

என் மனைவி மீனாவுக்கு ஒரு சந்தேகம். முகம் தெரியாத வெள்ளைக்காரர்களோடு, பத்துப் பைசா பிரயோஜனமில்லாமல், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் எதற்காக மல்லுக்கட்டுகிறேன் என்று. நியாயமான சந்தேகம்தான். ஊரில் இருக்கிற உங்களுக்கும் அது வரும். அதனால் முதலில் விளக்கிவிடுகிறேன்.

நான் வேலை பார்க்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஓர் அறை நிறைய கம்ப்யூட்டர்கள். அதில் நான் நாலு வரி தட்டினால், அது டெலிபோன் கம்பி வழியாக அடுத்த ஊர்க் கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கிருந்து அதற்கடுத்த ஊர். இப்படியே கை மாறி, ஓரிரு நாளில் இந்த நாடு முழுக்க அதைப் படிக்கலாம். படித்தவர்கள் பதில் தட்டலாம். விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக்காகச் செய்த ஏற்பாடு என்றார்கள். ஆனால் நாலு பேர் கூடுகிற இடத்தில் ஆராய்ச்சி மட்டுமா நடக்கும்? சமையலுக்கு ஒரு குழு, நாய் வளர்க்கிறவர்களுக்கு ஒரு குழு, ராக் சங்கீதத்துக்கு ஒரு குழு. நான் கடைசியில் சொன்ன குழுவில் இருக்கிறேன்.

அங்கே நடப்பது சம்பாஷணை இல்லை, சண்டை. எந்த ஆல்பம் தேறும், எது தேறாது, எந்தப் பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவன் முட்டாள், டிரம்ஸ்காரன் போனதோடு எந்தக் கோஷ்டி செத்துப்போனது என்று ஒவ்வொருவனும் நாட்டாமை மாதிரி தீர்ப்பு எழுதுவான். பாதிப் பேர் முழுசாகக் கேட்டிருக்கக்கூட மாட்டார்கள். அதனால் என்ன, எழுதுவார்கள். நானும் எழுதுவேன். என் ஆங்கிலத்தை அவர்கள் கிண்டல் செய்வார்கள். நான் அவர்கள் ரசனையைக் கிண்டல் செய்வேன். கணக்கு சரியாகிவிடும்.

போன வாரம் ஒருவன் எனக்குப் பதில் எழுதியிருந்தான். ஒரு குறிப்பிட்ட ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை நான் மாதக்கணக்காகத் தாங்கிப் பிடித்து எழுதி வந்தேன். அவன் எழுதியது ஒரே வரி. அந்தப் பக்கம் பிடிக்க வேண்டுமென்றால் செவிடனாக இருக்க வேண்டும் என்று. இதைவிட மோசமாகவெல்லாம் என்னைத் திட்டியிருக்கிறார்கள், சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை கை ஓடவில்லை. டிபன் டப்பாவை மூடிவிட்டு வெளியே வந்து நின்றேன். அதனால்தான் ஆங்கிலத்தை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

2

எழுபதுகளின் நடுவில் தென்காசியில் ராக் கேட்ட ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்டால், எனக்குத் தெரிந்து இரண்டு. நான் ஒருவன். இன்னொருவன் குற்றாலிங்கம். இலஞ்சிக்காரன், நாங்கள் லிங்கம் என்போம். அவன் அப்பாவுக்குச் செங்கோட்டை ரோட்டில் மரம் அறுக்கிற மில் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் தடிகளை அறுத்துப் பலகையாக்கி விற்பார்கள்.

லிங்கத்தின் அக்கா வீட்டுக்காரர், நாங்கள் அத்தான் என்று கூப்பிடுவோம், கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கேசட் கொண்டுவருவார். கூடவே ஒரு ஜப்பான் டேப் ரெக்கார்டரும் வந்து சேர்ந்தது. கேசட்டுகள் எல்லாம் ஏதோ துறைமுகத்தில் யாரோ பதிந்து கொடுத்தவை. மேலே பெயர் இருக்காது. யார் பாடுகிறான், என்ன பாட்டு, ஒன்றும் தெரியாது. நாங்களே பெயர் வைத்தோம். ஒருவன் பாடினால் எழவு வீடு ஞாபகம் வரும், அது ஒப்பாரிக் கோஷ்டி. டிரம்ஸ்காரன் அடித்தால் அடுப்படியில் பாத்திரம் உருளும், அது இடிக்காரன் கோஷ்டி. கோஷ்டிகளின் நிஜப் பெயரை அமெரிக்கா வந்தபிறகுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் பெயர்களே மேல் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

லிங்கத்தின் காது சாதாரணக் காது இல்லை. பின்னால் ஒருவன் வாசிப்பதில் ஒரு தந்தி இறங்கியிருக்கிறது என்பான். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டால் எனக்கும் கேட்கும். அதைவிட முக்கியம், அவன் எதற்கும் ஆமாம் சொல்ல மாட்டான். நான் நன்றாக இருக்கிறது என்றால் அவனுக்குக் குப்பை. நான் குப்பை என்றால் உட்கார்ந்து அரை மணி நேரம் வாதாடுவான். ஒருமுறை சண்டை முற்றி, பெரிய கோயில் வாசலில், எப்போதும் வீசுகிற அந்தக் காற்றில் வேட்டி பறக்கப் பறக்கக் கத்திக்கொண்டு, அப்புறம் ஒரு வாரம் முகத்தில் விழிக்காமல் இருந்தோம்.

சமாதானமானபோது லிங்கம் ஒரு சட்டம் போட்டான். கேசட்டை அவன் வீட்டில் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு குற்றாலம் போக வேண்டும். போகிற வழியிலும் பேசக்கூடாது. அருவியில் குளித்து முடித்த பிறகுதான் அபிப்பிராயம். தலையில் விழுகிற தண்ணீரில் பாதி அபிப்பிராயம் கரைந்துவிடும், கரையாமல் மிஞ்சுவதைப் பேசினால் போதும் என்பது அவன் கட்சி. சீசனில் தண்ணீர் கொட்டும்போது அதற்கடியில் நின்று யார் என்ன கத்தினாலும் கேட்காது. ஆகவே சட்டத்தை மீறவும் வழியில்லை. குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு நடுங்கிக்கொண்டே ஆரம்பிப்போம். பல தடவை கரையாமல் மிஞ்சியது முழு அபிப்பிராயமாகவே இருந்தது.

3

ஒரு சீசனுக்கு அத்தான் ஒரு ஸ்பீக்கர் கொண்டுவந்தார். அதைச் சுற்றியிருந்த காகிதம் ஏதோ ஓர் இங்கிலீஷ் சங்கீதப் பத்திரிகை. அக்கா அதைக் கசக்கி எறியப் போனாள். லிங்கம் பிடுங்கித் தரையில் போட்டுக் கையால் நீவி நீவிப் படித்தான். அதில் எங்கள் ஒப்பாரிக் கோஷ்டியின் படம் இருந்தது. அவர்கள் புது ஆல்பத்துக்கு விமர்சனம். பனியில் ஒரு சைக்கிள் கிடக்கிற மாதிரி அட்டை.

விமர்சனம் எழுதியவன் முதல் பக்கத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருந்தான். இரண்டாம் பக்கத்தைக் கிழி கிழி என்று கிழித்திருந்தான். பக்கம் முழுக்க ஒரே பாட்டாம். பாட்டுமில்லையாம், ஆர்கன் ஒன்று இழுத்துக்கொண்டே போகிறதாம், வாசித்தவர்கள் தூங்கிவிட்டார்களாம்.

அந்த ஆல்பம் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. அத்தான் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? கேட்காத ஆல்பத்துக்கு அந்தச் சீசன் முழுக்கச் சண்டை போட்டோம். அச்சில் வந்தது தப்பாக இருக்காது என்பது என் கட்சி. லிங்கம் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவன் கேக்கவே இல்லலே," என்றான். "முதப் பக்கத்தக் கேட்டுட்டுச் சாப்பிடப் போயிருக்கான். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு வச்சிருக்கானுவன்னா அதுலதான்லே சரக்கு இருக்கும்."

அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று மூக்கால் இழுத்துப் பாடியும் காட்டினான். ஐந்தருவிப் பாதையில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேட்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் சட்டம் சட்டம்தான் என்று, குளித்துவிட்டே சண்டை போட்டோம். நான் மேல்படிப்புக்காக ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று பேருந்து நிலையத்தில் அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அங்கே போய் அந்த இசைத்தட்டைக் கண்டுபிடி, கேள், தப்பு யார் மேல் என்று சொல்.

4

கண்டுபிடிக்க வருடங்கள் ஆயின. படிப்பு, வேலை, மீனா வந்தது, மகள் கோமதி பிறந்தது என்று நாள் ஓடிவிட்டது. ஒரு சனிக்கிழமை, பழைய இசைத்தட்டுக் கடையில், பெட்டியைக் கிளறும்போது பனியில் கிடந்த சைக்கிள் கையில் வந்தது. வீட்டுக்கு வந்து மீனாவையும் குழந்தையையும் கடைக்கு அனுப்பிவிட்டுத் தனியாகப் போட்டேன்.

முதல் பக்கம் பிரமாதம். இரண்டாம் பக்கம், என்னத்தைச் சொல்ல, அந்த விமர்சகன் சத்தியவான். இருபது நிமிடம் ஆர்கன் முனகுகிறது. எங்காவது விடியும் என்று காத்திருந்தேன். விடியவே இல்லை.

ஜெயித்துவிட்டேன் என்று துள்ளியிருக்க வேண்டும். யாரிடம் துள்ளுவது? திரும்பிப் பார்த்தால் சோபா இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் கார் கழுவிக்கொண்டிருந்தார். லிங்கம் இல்லாமல் அந்த வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் பார்த்தால், குழுவில் யாரோ ஒருவன் அதே பக்கத்தைப் பற்றிக் கேவலமாக எழுதியிருந்தான். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ. லிங்கத்தையே திட்டிவிட்ட மாதிரி இருந்தது. அவன் அன்று சொன்ன வாதங்களையெல்லாம் ஆங்கிலத்தில் போட்டு நீளமாக ஒரு மறுப்பு எழுதினேன். பத்துப் பேர் பாய்ந்தார்கள். நான் விடவில்லை. எனக்கே பிடிக்காத ஒரு பாட்டுக்கு இந்த நாட்டிலேயே பெரிய வக்கீல் நான்தான் என்று பெயர் வாங்கினேன்.

அந்த உற்சாகத்தில் லிங்கத்தின் மில்லுக்கு டிரங்க் கால் போட்டேன். அப்பா போன பிறகு மில்லை அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டு கிடைத்துவிட்டது என்று கத்தினேன். "சரி, சரி" என்றான். இரண்டாம் பக்கம் கேட்டேன் என்றேன். "ஆமா" என்றான். உன் கட்சி தோற்றுப்போச்சு என்றேன். அதற்கும் "ஆமா, நல்லது" என்றான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பெரிய முதலாளி ஆகிவிட்டான், இதெல்லாம் இனி எங்கே நினைவிருக்கும் என்று கசப்பாக இருந்தது. அப்போது யாரோ போனை வாங்கினார்கள். அவன் மனைவி செல்லம்மாள்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. அவுகளுக்குக் காது கேக்கல. போன்ல ஒண்ணுமே வெளங்காது. எல்லாத்துக்கும் ஆமாம்பாக."

ரம்பத்தின் சத்தம். மில்லில் உட்கார்ந்து உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. திருநெல்வேலி டாக்டர், நரம்பு செத்துவிட்டது, வலது காதில் மிச்சம் இருப்பதும் நிற்காது என்று சொல்லியிருக்கிறார். காதுக்கு மெஷின் வைத்துப் பார்த்தார்களாம், இரைச்சல்தான் பெரிதாகிறதாம். போனை வைத்தபிறகு எனக்கு ஒரே எண்ணம்தான். அந்த மிச்சம் போவதற்குள் அவன் அந்தத் தட்டைக் கேட்டுவிட வேண்டும். கேட்டுவிட்டு என்னைத் திட்ட வேண்டும்.

5

உடனே கிளம்பவேண்டியதுதானே என்பீர்கள். இங்கேயே தங்குவதற்கான அனுமதிக்கு விண்ணப்பம் போட்டு அது நடுவழியில் நின்றது. அந்தச் சமயத்தில் நாட்டைவிட்டு வெளியே போனால் போட்டதெல்லாம் போச்சு. போய்வர வேண்டுமென்றால் அதற்கு ஒரு தனி அனுமதி கேட்க வேண்டும். கேட்டேன். குடும்பப் பெயர் எங்கே என்று திருப்பி அனுப்பினார்கள். நம் வழக்கப்படி எனக்குப் பின்னால் என் அப்பா பெயர், மீனாவுக்குப் பின்னால் என் பெயர், கோமதிக்குப் பின்னாலும் என் பெயர். மூன்று பேரும் ஒரே குடும்பம் என்று நிரூபி என்றார்கள். கவுண்டரில் இருந்த அம்மாள் என்ன அவசரம், யாருக்காவது சாவா என்று கேட்டாள். நண்பனுக்குக் காது கேட்காமல் போகிறது, அதற்குள் ஒரு பாட்டுப் போட்டுக் காட்ட வேண்டும் என்று சொல்ல முடியுமா? இல்லை என்றேன். அடுத்த ஆள் என்றாள்.

அந்த வருடச் சீசன் போய்விட்டது. ஜூனில் இங்கே வெயில் கொளுத்தும்போது, அங்கன சாரல் ஆரம்பித்திருக்கும் என்று நினைப்பேன். நினைத்தால் சோறு இறங்காது. தட்டைக் கேசட்டில் பதிந்து, இடுப்பில் மாட்டுகிற சின்னப் பெட்டி ஒன்றும், காதில் வைக்கிற ஹெட்போனும் வாங்கி வைத்தேன். கோமதி அதை மாட்டிக்கொண்டு ஆடுவாள். அவளுக்கு நான் கேட்பதெல்லாம் கிழவர்கள் பாட்டு. தமிழில் பேசு என்றால், எதற்கு, உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே என்று கேட்கிறாள்.

அனுமதி மறு வருடம் வந்தது. இந்த ஜூலையில் போனோம்.

6

அமெரிக்கப் பழக்கம் என்ன செய்யும் பாருங்கள். செங்கோட்டை பஸ்ஸில் இடிக்கிறவர்களிடமெல்லாம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன். உடம்புக்கு ஏதும் செய்கிறதா அண்ணாச்சி என்று கண்டக்டர் விசாரித்தார். இடம் கொடுத்து உட்காரவும் வைத்துவிட்டார்.

லிங்கம் வாசலிலேயே நின்றான். முடி கொட்டி, மீசை நரைத்து, ஆள் பருத்திருந்தான். என்னைக் கட்டிக்கொண்டு ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினான். தன் குரல் தனக்குக் கேட்காததால் அளவு தெரியவில்லை. நாம் பேசும்போது உதட்டையே பார்க்கிறான். மெதுவாகப் பேசினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறான்.

ஹெட்போனை நானே அவன் காதில் மாட்டினேன். சத்தத்தை முழுக்கத் திருப்பி வைத்துப் போட்டேன். முதல் பக்கத்தின் முதல் பாட்டு. எடுத்த எடுப்பிலேயே டிரம்ஸ் இடிக்கும். எனக்கும், கதவோரம் நின்ற செல்லம்மாளுக்கும், அவன் காதுக்கு வெளியே கசிந்து வருவதே தெளிவாகக் கேட்டது. லிங்கம் கண்ணை மூடி, பழைய மாதிரி தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். பாட்டில் பாதி ஓடிவிட்டது.

"ஆரம்பிச்சுட்டியாலே?" என்று கேட்டான்.

செல்லம்மாள் உள்ளே போய்விட்டாள். நான் பெட்டியை நிறுத்தினேன். அவனே ஹெட்போனைக் கழற்றிச் சுருட்டி என் கையில் கொடுத்தான். குளிக்கப் போகலாம் என்றான்.

மீனாவும் செல்லம்மாளும் கோமதியைக் கூட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் போனார்கள். அருவியைப் பார்த்ததும் கோமதி, இதை எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

தண்ணீர் நல்ல விழுகை. கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே போய் நின்றோம். தலையில் விழுகிற அடியில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் வாயைத் திறந்து கத்துவது தெரிந்தது, சத்தம் தெரியவில்லை. லிங்கம் சிரித்தான். எங்களை எல்லாம் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, தன் காதைத் தொட்டான். அங்கே அவனுக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இலஞ்சி வீட்டில் பார்த்த முகத்தைவிட இந்த முகம் இளமையாக இருந்தது.

வெளியே வந்து பாறையோரம் நின்று துவட்டினோம். அங்கேயும் இரைச்சல்தான். அவன் என் எதிரில் வந்து நின்றுகொண்டு, என் வாயைப் பார்த்துக் கேட்டான்.

"இப்பம் சொல்லு. ரெண்டாவது பக்கம் எப்படி?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். நீ சொன்ன மாதிரியேதான் இருக்கிறது, அதில்தான் சரக்கு, அந்த விமர்சகன் ஒன்றும் தெரியாதவன், தோற்றது நான்தான் என்றேன். நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். இனி கேட்கவே முடியாத ஒருவனிடம் வேறு எதைச் சொல்வது?

அவன் என் உதட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் கண்ணைப் பார்த்தான். துண்டைத் தோளில் போட்டான்.

"காது போனதுலேருந்து, மில்லுலயும் சரி, வீட்டுலயும் சரி, நான் எதச் சொன்னாலும் எல்லாவனும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டுதான். எதுத்துப் பேசுனா எனக்கு வெளங்க வைக்கணும்லா, அந்த மெனக்கேடு எவனுக்கும் வேண்டாம். சங்கரன் வருதான், அவன் ஆட்ட மாட்டான்னு இருந்தேன். நீயுமாலே?"

எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. பிறகு அவன் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"குப்பைலே," என்றேன். "படு குப்பை."

அவன் முகம் மாறிற்று. ஏன் என்று விரலை ஆட்டிக் கேட்டான். சொன்னேன். வாய் போதாமல் கையாலும் சொன்னேன். ரம்பத்தில் தடியை மாட்டிவிட்டு ஆள் எழுந்து போன மாதிரி, இருபது நிமிடம் ஒரே இழுப்பு, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை என்றேன். ரம்பம் என்பது மட்டும் அவனுக்குப் புரியவில்லை, இரண்டாம் தடவை சொல்லச் சொன்னான். சொன்னேன். வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"அப்பம் நல்லாத்தான் இருந்திருக்கு," என்றான்.

நான் விடவில்லை. ஆர்கன் தாளம் தப்புகிற இடத்தைச் சொன்னேன், டிரம்ஸ்காரன் வேண்டாவெறுப்பாக உள்ளே வருகிற இடத்தைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு மறுப்பு இருந்தது. ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் வழியை விடச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். மீனாவும் செல்லம்மாளும் குழந்தையோடு வந்து, தலை காய்ந்து, எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். லிங்கம் கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை.